அசல்

மூலக்கொத்தளத்தில் இறங்கி
இரண்டு சந்து நடந்தால் சேட்டுக் கடை.
மாதம் பத்தாம் தேதி வட்டி கட்டப் போவேன்.
பலகையில் எழுதியிருக்கும்:
நகைகள் மீட்கும் நேரம் காலை பத்து முதல்.
எங்கள் சபையில் இரட்சிப்பு என்பார்கள்.
தெருக்கோடி மாதா கோயிலில் மீட்பு.
நான் அந்தச் சொல்லை
எழுத்துக்கூட்டிப் படித்தது இந்தப் பலகையில்தான்.

பதினொன்றரை கிராமில் இரண்டு வளையல்.
ஞானாபரணத்துக்கு
கன்டெய்னர் யார்டில் வேலை போன மாதம் வைத்தது.

பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில்
இன்னொரு கணக்கும் வைத்திருந்தேன்.
லெந்து நாற்பது நாளும் ஒரு வேளைச் சாப்பாடு,
ஸ்டான்லியில் பதினேழு படுக்கைக்கு ஜெபம்,
மாமியாரின் புண் கழுவிய இரவுகள்
(முணுமுணுத்தவை கழித்து).
ஒரு கோபத்துக்கு மூன்று நாள் உபவாசம் என்று
விகிதமும் நானே போட்டேன்.
அங்கேயும் வட்டிதான் கட்டினேன்.
அசல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

இந்த ஐப்பசியில்
கணுக்கால் வரை சாக்கடை கலந்த மழை.
நோட்டுகளைப் பால் கவரில் சுற்றி
இடுப்பில் செருகிக்கொண்டு போனேன்.
சேட்டு பேரேட்டைத் திருப்பிக் காட்டினார்.
எப்சிபா என்ற பெயரின் குறுக்கே
சிவப்பு மையில் ஒரு கோடு.

"முடிஞ்சிடுச்சும்மா. அசல், வட்டி, எல்லாமே.
கட்டிட்டாங்க."
"யாரு?"
"பேரு சொல்லக் கூடாதுன்னுட்டாங்க.
நீ கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போ."

சந்தோஷம் வரவில்லை.
முதலில் வந்தது அவமானம்.
என் இல்லாமையை யார் இவ்வளவு துல்லியமாக
எடை போட்டுப் பார்த்தது?
பிறகு கோபம்.
இருபத்தாறு மாதம் பல்லைக் கடித்தேனே,
அதை எந்தத் தராசில் வைப்பது?

பால் கவரைப் பிரித்து
ஈர நோட்டுகளை மேசைமேல் வைத்தேன்.
"இதையாவது வாங்கிக்குங்க."
சேட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"எதுல வரவு வைப்பேன்?
கணக்கே இல்லியேம்மா."

கையெழுத்துப் போடாமல் வெளியே வந்துவிட்டேன்.
டீக்கடைத் தார்ப்பாயின் கீழ் நின்று
ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன்.
போதகரின் மனைவி,
பழைய முதலாளி,
மூன்று வருடமாகப் பேசாத தங்கை மெர்லின்,
என்னைப் பார்த்தால் தெரு மாறும் கமலேசன்.
எல்லார் முகத்திலும் அது கொஞ்சம் பொருந்தியது.
ஒருவர் முகத்திலும் முழுசாகப் பொருந்தவில்லை.
டீ ஆறிப்போனது.
மழை யாரையும் கேட்காமல்
மசூதி மேலும் பெய்தது, சாராயக்கடை மேலும் பெய்தது.

கடை சாத்தக் கால் மணி இருக்கையில்
திரும்பிப் போனேன்.
தெளிந்தெல்லாம் போகவில்லை.
கால் வலித்தது. வேறு போக்கும் இல்லை.
என் பெயரை நானே பிழையாக எழுதினேன்.
"பரவால்ல, எனக்குத் தெரியும் நீதான்னு"
என்றார் சேட்டு.

வீட்டில் வளையல் ஏறவில்லை.
இரண்டு வருடத்தில் கை தடித்திருந்தது,
காய்த்தும் போயிருந்தது.
பக்கத்துப் போர்ஷன் ஷாகிரா
சோப்பும் சொம்புத் தண்ணீருமாக வந்தாள்.
நானும் உதவுவதாக நினைத்து
விரல்களைக் குவித்து, மூச்சைப் பிடித்து, தள்ளினேன்.
"விறைக்காதேக்கா. விறைச்சா ஏறாது.
நீ ஒண்ணும் பண்ணாம இரேன்."

ஒன்றும் பண்ணாமல் இருப்பது
இவ்வளவு கடினம் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
கையை அவளிடம் விட்டேன்.
கட்டைவிரல் எலும்பில் ஒரு நொடி உயிர் போனது.
அப்புறம் மணிக்கட்டில் குளிர்ச்சியாக ஏதோ உட்கார்ந்தது.

ஃபேனுக்கடியில் வட்டிப் பணம்
ஒவ்வொரு நோட்டாகக் காய்ந்துகொண்டிருக்கிறது.
நாளை பதினொன்று.